ஆமை தொட்டவள்

வேலிக்கு வெளியே நின்றேதான் ரெமானா பேசினான். தங்கை வேலை பார்க்கும் ஆமைக் காப்பகத்துக்குள் அவன் ஒருநாளும் கால் வைத்ததில்லை.

"கெணத்து மேட்டுல, முள்ளுக்குள்ள நாலு சாக்கு கெடக்கு, வொலா. அசையுது."

"எப்பருந்து?"

"முந்தாநாளு. ஆமை கடத்துற லாரிக்காரனுங்க போலீசைப் பாத்துட்டு எறக்கிப் போட்டுட்டு ஓடிட்டானுங்க."

"ரெண்டு நாளா ஊரே வேடிக்கை பாத்துச்சா?"

"பின்ன, தொடச் சொல்றியா? படிச்சவ, நீயே சொல்லு."

அவர்கள் இனமான தாந்த்ரோய்க்காரர்கள் ஆமையைத் தின்ன மாட்டார்கள், தொடவும் மாட்டார்கள். மழை பொய்த்து, கள்ளிப்பழமும் தீர்ந்துபோன வருடங்களில்கூட அவர்கள் அடுப்பில் ஆமை ஏறியதில்லை. மடகாஸ்கரின் இந்தத் தெற்கு முட்காட்டில் மஞ்சள் கதிர் விரிந்த அந்த ஓடுகள் இன்னும் ஊர்ந்து திரிவது அதனால்தான் என்று வொலாசோவா துலியாரா நகரத்தில் படித்தபோது ஆய்வேட்டில் பெருமையாக எழுதியிருந்தாள். வேலையில் சேர்ந்து முதல் ஆமையைக் கையில் எடுத்த நாளிலிருந்து அவள் சமைத்ததை வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லை. அதை எந்த ஆய்வேட்டில் எழுதுவது? அம்மா மரவள்ளிக்கிழங்கைத் தனித்தட்டில் போட்டுத் தரையில் வைத்துவிட்டு மூன்றடி நகர்ந்துகொள்வாள். மற்றவர்கள் ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தின்பார்கள்.

"இன்னிக்கு உனக்குத் தீட்டுக் கழிக்கிற நாளு, ஞாபகம் இருக்குல்ல? அம்மா பலி ஆட்டோட கெளம்பிருச்சு. இதுக்கப்புறமும் தொட்டா அவ்வளவுதான், இன்னொரு ஆடு கெடையாதுன்னு பெரியப்பா சொல்லிட்டாரு."

ஞாபகம் இல்லாமலா? கெஞ்சிக் கூத்தாடி நேற்றுதான் நாற்றங்காலுக்கு மாற்றல் வாங்கியிருந்தாள். இனி முட்செடிக் கன்றுகளோடுதான் வேலை. ஆமைகளைப் பார்க்கும் மற்ற இருவரும் வெளியூரிலிருந்து சாயங்காலம்தான் திரும்புவார்கள். வெயில் இப்போதே மண்டையைப் பிளந்தது.

அவள் போய்ச் சேர்ந்தபோது கிணற்று மேட்டில் அம்மா நின்றிருந்தாள். ஒரு கையில் ஆட்டுக்கயிறு. தலையில் தீட்டுக் கழிக்கும் தண்ணீர்க் குடம்.

"வேணாம்டி. அவங்க வர்ற வரைக்கும் பொறு."

"வெயிலு பொறுக்குமாம்மா? தொடாம இருக்கறது மரியாதைங்கறீங்க. சாக்குல வெந்து சாவறதும் மரியாதையா?"

வொலாசோவா உட்கார்ந்து முதல் சாக்கின் கட்டை அறுத்தாள்.

கால்களை மடக்கி ஒட்டுநாடாவால் இறுகச் சுற்றியிருந்தார்கள். நாலு சாக்கிலும் சேர்த்து முப்பத்தொன்று. ஒன்பது அசையவில்லை. நாடாவைப் பிய்த்துப் பிய்த்து அவள் நகக்கண்ணில் ரத்தம் கசிந்தது.

விடுபட்ட ஒரு கிழட்டு ஆமை நேராக அம்மாவை நோக்கி நடந்தது. அம்மா தலை குனிந்து, ஆட்டை இழுத்துக்கொண்டு பாதையை விட்டு விலகினாள், பெரியவர் எவருக்கோ வழிவிடுவதுபோல. அது கடந்து போகும்வரை நிமிரவில்லை.

பிறகு குடத்தை இறக்கி மகளுக்கு முன்னால் தரையில் வைத்தாள். மூன்றடி பின்னால் போய் நின்றாள்.

வொலாசோவா உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி, வறண்டு திறந்திருந்த ஓர் ஆமையின் வாயருகே கொண்டுபோனாள். ஆடு தண்ணீரைப் பார்த்துக் கத்திக்கொண்டு கயிற்றை இழுத்தது. அம்மா இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.