வரிசையில் நின்ற குப்பை

பொழுது விடிந்தும் விடியாத நேரம். கடற்கரை மணலில் பி.டி. மாஸ்டர் குப்பை போட்டுக்கொண்டிருந்தார்.

சும்மா கொட்டவில்லை. தோளில் சாக்கு, கழுத்தில் விசில், முகத்தில் நாற்று நடுகிறவரின் கவனம். ஒரு பிளாஸ்டிக் கப். ஒரு கை தூரம் விட்டு ஒரு பிஸ்கட் கவர். இன்னொரு கை தூரம் விட்டு ஒரு தண்ணீர் பாட்டில். வேலைக்கு நடுவே நாலு பக்கமும் பார்த்துக்கொண்டார். கவிழ்த்துப் போட்ட படகின் மேல் ஒரு காகம் உட்கார்ந்து அவரையே கவனித்தது. கல்லை எடுப்பதுபோல் குனிந்து பயமுறுத்தினார். காகம் அசையவில்லை. கூண்டில் ஏறிச் சாட்சி சொல்வதென்று முடிவெடுத்துவிட்ட காகம் போலும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. முந்தின நாள் மாலை பள்ளித் தாளாளர் காரிலிருந்து இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கடற்கரையை ஒரு முறை பார்த்தார். அதிர்ந்துபோனார்.

“என்னய்யா இது, ஒரு குப்பைகூட இல்ல! நாளைக்கு கடற்கரைத் தூய்மை விருதுக் கமிட்டி நடுவர் வர்றார், சுகாதார அதிகாரி வர்றார், ஃபோட்டோக்காரர் வர்றார். பசங்க எதைப் பொறுக்குவாங்க? மணலையா?”

“டீக்கடை அக்கா தினம் சாயங்காலம் பெருக்கிடறாங்க சார்,” என்றார் மாஸ்டர்.

“அந்தம்மாவுக்கு வேற வேலை இல்லையா?” தாளாளர் உண்மையாகவே வருந்தினார். “ஸ்டோர் ரூம்ல கெடக்கறதெல்லாம் அள்ளிட்டு வந்து போடுங்க. நீங்களாச்சு, கடற்கரையாச்சு. அப்புறம்... உங்க பெர்மனென்ட் ஆர்டர் என் மேஜை மேலதான் இருக்கு. கையெழுத்துப் போட நல்ல பேனாவாத் தேடிட்டிருக்கேன்.”

மாஸ்டர் தற்காலிகமாக வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. “மாப்ள, அந்த ஆர்டர் வந்துச்சா?” என்று மாமியார் கேட்கும்போதெல்லாம் “அடுத்த மாசம் அத்தை” என்பார். அத்தைக்கு மாப்பிள்ளை மேல் சந்தேகம் வந்து பல அடுத்த மாதங்கள் கடந்துவிட்டன. ஆகவே சாக்கைத் தூக்கினார்.

வெயில் ஏறியதும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் பேருந்திலிருந்து குதித்தார்கள். பின்னால் கயிற்றுச் சுருளோடு அறிவியல் டீச்சர். பாடப் புத்தகத்தில் கடலுக்கு ஒரே ஒரு படம்தான். அதிலும் அலை இல்லை. அதனால் டீச்சர் மாதம் ஒரு தடவை பிள்ளைகளை இங்கே அழைத்து வருவார். கயிற்றால் மணலில் சதுரம் போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் பிரிக்க வேண்டும். சிப்பி, பாசி, நண்டு வளை, குப்பை. குப்பையைப் பொறுக்குவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்கவேண்டும் என்பது அவர் விதி. இது கடல் கொண்டுவந்ததா, காற்று கொண்டுவந்ததா, ஆள் கொண்டுவந்ததா?

அந்த வகுப்பில் ஒரு பெண்ணுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். அப்பா சர்க்கரை டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறந்தாரா என்பதை அவர் மீசையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவள் ஒரு கப்பை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

“மிஸ், கடல்ல ஊறினது வெளுத்துப் போயிருக்கும், ஓரம் மழுங்கியிருக்கும்னு சொன்னீங்கல்ல? இது பளபளன்னு இருக்கு. பாசி இல்ல. தூசிதான் இருக்கு.”

“ம்ம். அப்புறம்?”

“அலை ஒதுக்கினா ஒரே ஓரமா ஒதுங்கும். காத்து அடிச்சா படகுக்கு அடியில போய்ச் சேரும். இது...” அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தாள். “மிஸ்! குப்பை வரிசையில நிக்குது!”

பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்து ஒரு கண்ணை மூடினார்கள்.

“ஆமா மிஸ், ஒரு கை தூரம் இடைவெளி!”

“குட்டைக் கப்பு முன்னாடி, உயரமான பாட்டில் பின்னாடி. நம்ம அசெம்பிளி மாதிரியே இருக்கு!”

டீச்சர் பி.டி. மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கடலைப் பார்த்தார், இப்படி ஒன்று இங்கே இருப்பது இன்றைக்குத்தான் தெரிந்ததுபோல.

அதற்குள் கார்கள் வந்துவிட்டன. தொப்பி போட்ட நடுவர் இறங்கினார். சுகாதார அதிகாரி தொப்பை குலுங்க இறங்கினார், பின்னால் வேனில் அவருடைய ஆட்கள். ஃபோட்டோக்காரர் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு குப்பையைக் கொடுத்து, “சோகமாப் பாருங்க, ஆனா பல்லு தெரியணும்” என்று உத்தரவிட்டார்.

தாளாளர் தொண்டையைக் கனைத்தார். “நடுவர் ஐயா, பாருங்க இந்த அநியாயத்தை. எங்க பிள்ளைங்க மாசா மாசம் சுத்தம் பண்றாங்க. இப்படிக் குப்பையைப் போடறது யாருன்னு நெனைக்கறீங்க?” அவர் விரல் காற்றில் கொஞ்ச நேரம் ஆளைத் தேடிவிட்டு, டீக்கடையில் போய் நின்றது.

அதிகாரிக்கு அது போதும். “கடையை இப்பவே எடுக்கணும். நம்ம ஆளுங்களைக் கூப்பிடு.”

கரண்டியும் கையுமாக டீக்கடைக்காரம்மா ஓடிவந்தார். “ஐயா, நான் கண்ணாடி கிளாஸ்லதான் டீ குடுக்கறேன். பிளாஸ்டிக் கப்பு வாங்கறதே இல்ல. இந்தக் கடை போச்சுன்னா என் ரெண்டு பொண்ணுங்க படிப்பும் போச்சுய்யா.”

“மாட்டிக்கிட்டவங்க எல்லாருமே இப்படித்தான்மா பேசுவாங்க,” என்றார் அதிகாரி.

ஆட்கள் பெஞ்சைத் தூக்கினார்கள். பால் பாத்திரம் அடுப்பிலிருந்து இறங்கியது. அந்தம்மா கண்ணாடி கிளாஸ்கள் உடையாமல் ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மணலில் மண்டியிட்டிருந்த ஒரு பையன் “ஐயோ!” என்று கத்தினான். அவன் கையில் நீல தெர்மாகோல் துண்டு. அதில் ஒரு பெரிய கண்.

“இது என் திமிங்கலம்! ‘கடலைக் காப்போம்’ கண்காட்சிக்கு நான்தான் செஞ்சேன். இமைகூட வரைஞ்சிருக்கேன் பாருங்க. முதல் பரிசு வாங்குச்சு!”

“பரிசு வாங்கினப்புறம் அது எங்கடா இருந்துச்சு?” என்றாள் இன்ஸ்பெக்டர்.

“ஸ்டோர் ரூம்ல.”

இன்ஸ்பெக்டர் மெதுவாக நடந்துவந்து மாஸ்டர் முன்னால் நின்றாள். அவர் கழுத்துக் கயிற்றில் விசிலோடு ஒரு சாவியும் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“சார், ஸ்டோர் ரூம் சாவி உங்ககிட்ட மட்டும்தானே இருக்கும்?”

தூரத்தில் தாளாளர், சட்டைப்பையிலிருந்த பேனாவை விரலால் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். இந்தப் பக்கம் டீக்கடையின் கூரைத் தகரம் கழன்றுகொண்டிருந்தது. பேனா, தகரம். தகரம், பேனா. மாமியார் முகமும் ஒரு முறை வந்துபோனது.

மாஸ்டர் விசிலை எடுத்து ஊதினார்.

அத்தனை வருடப் பழக்கம் சும்மா விடுமா? கையில் இருந்ததையெல்லாம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். குட்டை முன்னால், நெட்டை பின்னால், ஒரு கை தூரம். பக்கத்திலேயே குப்பை நின்றது. குட்டை முன்னால், நெட்டை பின்னால், ஒரு கை தூரம். தொப்பிக்கார நடுவர் இந்த வரிசையைப் பார்த்தார், அந்த வரிசையைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார்.

“கடையை விடுங்க,” என்றார் மாஸ்டர். “குப்பையைப் போட்டது நான்.”

“வெயில் சார்,” என்று தாளாளர் பாய்ந்து வந்தார். “அவருக்கு வெயில் ஒத்துக்காது.”

“பி.டி. மாஸ்டருக்கா?” என்றார் நடுவர்.

இன்ஸ்பெக்டர் கையைத் தூக்கினாள். “சார், எனக்கு ஒரு சந்தேகம். கடற்கரையில குப்பை இருந்தா விருதா, இல்லாட்டி விருதா?”

தாளாளர் ஃபோட்டோக்காரரிடம் கேமராவை மூடச் சொல்லிக் கைகாட்டினார்.

“போடச் சொன்னது யாரு?” என்று நடுவர் கேட்டார். மாஸ்டர் தாளாளரைப் பார்த்தார். ஏழாம் வகுப்பு முழுவதும் தாளாளரைப் பார்த்தது. நடுவர் தொப்பியை மாட்டிக்கொண்டு நேராகக் காருக்குப் போய்விட்டார்.

அதிகாரி தன் ஆட்கள் மேல் எரிந்து விழுந்தார். “பெஞ்சைக் கீழ வைங்கடா! எனக்கு ஆரம்பத்துலயே சந்தேகம்தான்.” தகரம் திரும்ப ஏறியது. அடுப்பும் எரிந்தது. டீக்கடைக்காரம்மா அதிகாரியிடம் மட்டும் டீக்குக் காசை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். தாளாளருக்கோ அதற்குப் பிறகு பேனா கிடைக்கவே இல்லை.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோது கடல் காத்திருக்கவில்லை. அலை ஏறி வந்து முதல் வரிசையை இழுத்துக்கொண்டு போயிருந்தது. மாஸ்டர் பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கி, கடைசியில் இடுப்பளவு தண்ணீர் வரைக்கும் போய்விட்டார். கப்புகள் கைக்கு எட்டுவதுபோல் வந்து நழுவின. சிலது கிடைத்தது, சிலது போனது போனதுதான். நனைந்த சாக்கோடு கரையேறியபோது இன்ஸ்பெக்டர் அவர் முன்னால் நின்றாள்.

“சார், எங்களைத் திட்டுவீங்களா? நாங்கதானே துருவித் துருவிப் பாத்தோம்.”

மாஸ்டர் மணலில் உட்கார்ந்தார். டீச்சரும் பிள்ளைகளும் சுற்றி நின்றார்கள்.

“நல்லாக் கேளுங்க. கடலைக் காப்பாத்தறதுன்னா குப்பையைப் பொறுக்கறது மட்டும் இல்ல. அதை நானே போட்டுட்டு நீங்களே பொறுக்கலாம், ஆயுசு பூரா நடக்கும். இது எங்கேருந்து வந்துச்சு, யாரு போட்டாங்கன்னு கேக்கணும். எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் கேக்கணும். கேள்வி கேக்காத எடத்துல, குப்பை போடறவனும் விருது வாங்கறவனும் ஒரே ஆளாத்தான் இருப்பான்.”

பிள்ளைகள் தலையாட்டினார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் ஆட்டவில்லை.

“சரி சார். இன்னும் குப்பை மிச்சமிருக்கா? பாக்கெட்டைக் காட்டுங்க.”

பி.டி. மாஸ்டர் எழுந்து நின்று, ஈரம் சொட்டச் சொட்ட இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார்.