கப்பலில் வரும் லிஃப்ட்

என்னைச் சந்தேகப் பிராணி என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார். சொல்லிவிட்டுப் போகட்டும். பால் பாக்கெட்டைக் கையில் வாங்கியதும் எங்காவது ஓட்டை இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறவள்தான் நான். ஆனால் எங்கள் தீவில் ஷாதிபூர் பக்கம் நீல்மணி ஹைட்ஸ் அடுக்குமாடியைப் பார்க்கப் போன அன்று மட்டும் என் சந்தேகம் எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது. நாலாவது மாடி பால்கனியில் நின்றால் கடல் தெரிந்தது. முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று லிஃப்ட், கீழே நீச்சல் குளம், கேட்டில் தொப்பி போட்ட வாட்ச்மேன். வாயைப் பிளந்துகொண்டு வாடகைக்கு எடுத்துவிட்டோம்.

என் வீட்டுக்காரருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆகியிருந்த நேரம் அது. டாலிகஞ்சில் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தார். பல்பு எடுக்க ஏணியில் ஏறி விழுந்தார், அதோடு கடையும் போயிற்று. கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டையும் விட்டோம். "அங்க லிஃப்ட் இருக்கும்மா, அப்பா படியே ஏற வேண்டாம்" என்று சென்னையிலிருந்து மகன் கௌதம்தான் போனில் இந்த இடத்தைப் பிடித்துக் கொடுத்தான். தினமும் கீழே இறங்கி நடக்க வேண்டும், வாரம் தவறாமல் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிக்கு வர வேண்டும், உட்கார்ந்துவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று டாக்டர் அவரிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

மழை பிடித்த வாரம் லிஃப்ட் நின்றது.

அதற்கு முன்பே ஒவ்வொன்றாகப் பல்லை இளித்திருந்தது. நீச்சல் குளத்தில் தவளை குடும்பம் நடத்தியது. பால்கனிக் கம்பி உப்புக்காற்றில் துருப்பிடித்து, சாய்ந்தால் கையோடு வந்துவிடும்போல இருந்தது. குழாயில் டீத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர். எதைக் கேட்டாலும் மேனேஜர் சிவபிரகாஷ் ஒரு பதில் வைத்திருப்பான். மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வந்தவன், இஸ்திரி கலையாத சட்டை, காதில் எப்போதும் போன். "ஸ்பேர் சொல்லியிருக்கு ஆன்ட்டி. கப்பல்ல வருது."

கப்பல் என்றுவிட்டால் இந்தத் தீவில் அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். வெங்காயம் கப்பலில் வருகிறது, சிமெண்ட் கப்பலில் வருகிறது, கல்யாணப் பட்டும் கப்பலில்தான் வருகிறது. கடலில் காற்று, கப்பல் லேட், கப்பலை ரிப்பேருக்கு விட்டிருக்கிறார்கள் என்று சொன்னால் கலெக்டர் வீட்டிலும் வாயை மூடிக்கொண்டுதான் காத்திருக்க வேண்டும். மெயின்லேண்டில் ஒரு வாரம் லிஃப்ட் ஓடாவிட்டால் சண்டை நாறிப்போகும். நாங்கள் கப்பலை நம்பியே வளர்ந்தவர்கள். கட்டடத்தில் அத்தனை குடும்பங்களும் தலையை ஆட்டிவிட்டுப் படியேறின.

"லிஃப்டுக்குள்ள ஏதோ போர்டு போயிடுச்சாம், புதுசு கப்பல்ல வருதாம்" என்று வந்து சொன்னேன். அவர் சிரித்தார்.

"டாலிகஞ்சுல நான் கடைல உக்காந்து எத்தனை பேருட்ட சொல்லியிருப்பேன். ஆர்டர் போட மறந்துட்டா அதானே நமக்கு வாயில வரும். நான் வித்த சரக்கையே எனக்கு விக்கிறான் பாரு."

"அப்ப வராதுங்கறீங்களா?"

"வரும் வரும். நீ உடனே ஆரம்பிச்சுடாத."

பிசியோதெரபிக்குப் போக வேண்டுமே. வாட்ச்மேனும் இன்னும் மூன்று பேரும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். முதல் தடவை எப்படியோ போய் வந்தோம். இரண்டாவது தடவை இரண்டாம் மாடித் திருப்பத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டது. அவர் கைப்பிடிக் கம்பியை எட்டிப் பிடித்தார், லுங்கி அவிழ்ந்துவிட்டது. நின்று பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரித்தன. அவர் யாரையும் திட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு, "இனிமே என்னைப் பொணமாத்தான் எறக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கீழே போகவே இல்லை. வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் படுக்கைக்கும் நடப்பார். நாளாக ஆக அதுவும் குறைந்தது. காலையில் அவர் முழங்காலை மடக்கிப் பார்ப்பேன், நேற்றைக்கு மடங்கின அளவு இன்றைக்கு மடங்காது. எண்ணெய் தேய்க்கிற சாக்கில் அழுவேன்.

கப்பல்கள் வந்தன. பால்கனியிலிருந்து பார்த்தால் தெரியும், ஹாடோ துறைமுகத்துக்குள் நுழையும்போது ஊதுகிற சத்தமும் கேட்கும். ஒவ்வொரு தடவையும் கீழே போய்க் கேட்பேன். "இதுல வரலை ஆன்ட்டி, அடுத்ததுல." அடுத்ததிலும் வெங்காயம்தான் வந்தது.

நான் எல்லோரையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். என்னைக் கண்டால் வாட்ச்மேன் ஏன் போனை எடுத்துக் காதில் வைக்கிறான்? முதல் மாடி ரோசலின் வீட்டில் ஒழுகின குழாய் மட்டும் எப்படி ஒரே வாரத்தில் சரியாயிற்று? அவள் புருஷன் அல்போன்ஸ் மீன்பிடி போட் வைத்திருக்கிறவர். முதல் மாடிக்காரருக்கு லிஃப்ட் எதற்கு? மேனேஜரோடு கைகோத்துக்கொண்டிருப்பார் என்று நானே முடிவு கட்டினேன். ஒருநாள் படியில் மடக்கிக் கேட்டேவிட்டேன்.

"மேனேஜரா? அவனா வந்து செய்வான்? நானே போட்ல கெடந்த வால்வ எடுத்து மாட்டுனேன் அக்கா" என்றார் அல்போன்ஸ். "அண்ணாச்சிக்கு கால் எப்பிடி இருக்கு?"

எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. இருந்தாலும் முழுசாக நம்பவில்லை.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் ஒன்று சொன்னார். "சந்திரா, நீ ஞாயித்துக்கெழமை மார்க்கெட்டுக்குப் போறல்ல, அப்ப இந்தச் சுவரு உறுமுது."

படுக்கை ஓரத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் லிஃப்ட் போகிற வழி. மாத்திரை மயக்கம் என்று நினைத்துப் போர்வையை இழுத்துவிட்டேன்.

"ஊரையே சந்தேகப்படுவ, நான் ஒண்ணு சொன்னா மட்டும் நம்பமாட்ட" என்று கோபித்துக்கொண்டார்.

அந்த வாரம் துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். ஐந்தாம் மாடியில் இருந்த இரண்டு குடும்பமும் லிஃப்ட் இல்லாமல் முடியவில்லை என்று காலி பண்ணிப் போயிருந்தன. பூட்டிக் கிடக்க வேண்டிய வீட்டின் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். மூன்று பேர் உட்காருகிற சோபா, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். ஆள் உயரத்துக்கு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். மேசையில் ஹோட்டலில் வைப்பார்களே, அந்த மாதிரிக் குட்டிக் குட்டி சோப்பு, மடித்த வெள்ளைத் துண்டுகள்.

எனக்கு உடனே எங்கள் இரும்பு பீரோ ஞாபகம் வந்தது. நாங்கள் குடிவந்த அன்று ஆட்கள் அதைப் படியில் தூக்கிவந்து, இரண்டாம் மாடித் திருப்பத்தில் திருப்பவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டு, கடைசியில் இறக்கி லிஃப்டில்தான் ஏற்றினார்கள். சுவரில் அது கீறின கோடு இன்னும் இருக்கிறது. இந்த சோபா எங்கள் பீரோவைவிட நீளம். இறங்கிப் போய் அந்தத் திருப்பத்தில் சுவரைத் தடவிப் பார்த்தேன். எங்கள் கோடு மட்டும்தான். புதுக் கீறல் ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் சோபா எப்படி மேலே போயிற்று? பறந்தா?

எல்லாம் விளங்கிவிட்டது. கட்டடத்தை டூரிஸ்டுகளுக்கு விடப்போகிறார்கள். எங்களைக் காலி பண்ணச் சொன்னால் சண்டை வரும். லிஃப்டை நிறுத்திவைத்தால் நாங்களே மூட்டை கட்டுவோம். கப்பல் மேல் பழியைப் போட்டால் கேட்கவும் ஆளில்லை. என் மனுஷனின் கால் விறைத்தது இவர்களுடைய சோபாவுக்காக. கையில் இருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் ஆபீசுக்கு இறங்கப் பார்த்தேன். பாதிப் படியில் நின்றேன். போய்க் கேட்டால் என்ன சொல்வான்? கப்பல்ல வருது என்பான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கட்டடமே காலியாக இருக்கும். அல்போன்ஸ் குடும்பம் சர்ச்சில் பூசைக்குப் போய்விடும், மற்றவர்கள் மீனுக்கும் காய்க்கும் போவார்கள். யார் வீட்டில் இருக்கிறார்கள் என்று கதவைத் தட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை. செருப்பை எல்லோரும் வாசலில்தான் விடுகிறோம். செருப்பு இருந்தால் ஆள் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே.

அந்த ஞாயிறு என் செருப்பை எடுத்து வீட்டுக்குள் அடுப்படியில் வைத்துக்கொண்டேன். டிவியை நிறுத்தினேன். அவரைச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னேன். "எதுக்கு?" என்றார். "போடுங்க, சொல்றேன்" என்றேன். கதவின் ஓட்டையில் கண்ணை வைத்து நின்றேன்.

மேனேஜர் படியேறி வந்தான். போன் இல்லை, சத்தமில்லாமல் வந்தான். எங்கள் வாசலில் நின்று தரையைப் பார்த்தான். என் செருப்பு இல்லை. அவருடைய செருப்பு மட்டும் அவர் இறங்குவதை விட்ட நாளிலிருந்து ஒரே இடத்தில் தூசி படிந்து கிடந்தது. அதைப் பார்த்தும் நிம்மதியாகத் திரும்பி இறங்கினான். உள்ளே ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தும், அவரை அவன் ஆளாகவே கணக்கில் வைக்கவில்லை. எனக்கு அவ்வளவு நாள் வராத கோபம் அப்போது வந்தது.

கொஞ்ச நேரத்தில் சுவர் உறுமியது.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "நான் சொன்னேன்ல" என்றார். ஜெயித்துவிட்ட மாதிரி ஒரு சிரிப்பும் சிரித்தார்.

"வாங்க" என்றேன்.

கதவைத் திறந்தோம். அவர் வாக்கரைத் தூக்கி வைத்து, தூக்கி வைத்து, வராந்தாவைக் கடந்தார். லிஃப்ட் பட்டன் இத்தனை நாள் செத்துக் கிடந்தது. அமுக்கினேன். சிவப்பாக எரிந்தது.

கதவு திறந்தது. உள்ளே சிவபிரகாஷ், ஒரு கூலியாள், இருவருக்கும் நடுவே செங்குத்தாக நிறுத்தின பெரிய மெத்தை. சிவபிரகாஷ் மெத்தைக்குப் பின்னால் ஒதுங்கப் பார்த்தான்.

என் வீட்டுக்காரர் மெத்தையை ஒரு தட்டுத் தட்டினார். "இதானா தம்பி அந்த போர்டு?"

"அங்கிள், இது ட்ரையல்... இப்பத்தான்..."

"நகருப்பா" என்றார். நகர இடமில்லை, கூலியாள் வெளியே வந்து நின்றான். இவர் உள்ளே போய் ஜி பட்டனை அமுக்கினார். எனக்கு இடமில்லை. கதவு மூடியதும் நான் படியில் ஓடினேன். இந்த வயசில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. அந்தத் திருப்பத்தில் பீரோ கீறின கோட்டைக் கையால் தொட்டுக்கொண்டே ஓடினேன்.

கீழே போனபோது லிஃப்ட் கதவு திறந்திருந்தது. அவர் வாக்கரைக் கதவுக்குக் குறுக்கே வைத்து நின்றுகொண்டிருந்தார். லிஃப்டை ஓடவிடவும் நிறுத்தவும் பட்டன்களுக்குக் கீழே செருகியிருந்த குட்டிச் சாவியை, லிஃப்ட் ஓடுகிற நிலையிலேயே உருவிக் கையில் வைத்திருந்தார். பூசை முடிந்து வந்த அல்போன்ஸும் ரோசலினும், மீன் பையோடு வந்த மற்றவர்களும் அப்படியே நின்று பார்த்தார்கள். ஓடுகிற லிஃப்ட், அதற்குள் மெத்தை, மெத்தைக்குப் பின்னால் மேனேஜர். யாரும் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரோசலின் மட்டும், "ஏசுவே, எங்கம்மா என்னப் பாக்க வந்தவ இந்தப் படிக்குப் பயந்துல்லா கீழயே நின்னுட்டுப் போனா" என்றாள்.

"இந்தச் சாவி இருந்தாத்தான் இத நிறுத்த முடியும்" என்றார் என் வீட்டுக்காரர், கடையில் வாடிக்கைக்காரருக்குச் சொல்கிற அதே குரலில். "நிறுத்தணும்னா ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து எல்லாருக்கும் முன்னால நிறுத்தட்டும்."

சாவியைச் சட்டைப் பையில் போட்டார். அல்போன்ஸ் பக்கத்தில் வந்து தோள் கொடுத்தார். அதை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாக்கரைத் தூக்கி வைத்து, வெயில் விழுகிற கேட் வரைக்கும் நடந்தார். கால் இழுத்தது. வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நடந்தார். கேட்டில் நின்று ரோட்டைப் பார்த்தார், புதுசாகப் பார்க்கிறவர் மாதிரி. நான் அங்கேயே நின்று எல்லோர் முன்னாலும் அழுதேன்.

சிவபிரகாஷ் பின்னாலேயே வந்தான். இஸ்திரிச் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது.

"அங்கிள், ஓனருக்கு நான் பதில் சொல்லணும். அந்தச் சாவியக் குடுங்க, ப்ளீஸ்."

அவர் சட்டைப் பையை ஒரு தடவை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"வேற சாவி சொல்லியிருக்கேன் தம்பி" என்றார். "கப்பல்ல வருது."