ஷாலினிக்குள் ஓர் எழுத்து

கட்டுரையில் ‘ஞானஸ்நானம்’ என்ற சொல் கண்ணெதிரே இருந்தது. தேடச் சொன்னால், அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று கம்ப்யூட்டர் சாதித்தது. அந்தோணிசாமி சிரித்துக்கொண்டார். திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு முன்னறையிலேயே டிடிபி வைத்து, பங்குக் கோவிலின் மாத இதழுக்குப் பக்கம் கட்டுகிறவருக்கு இந்த அழிச்சாட்டியம் புதிதில்லை. அம்புக்குறி விசையைத் தட்டித் தட்டிச் சொல்லுக்குள் போனார். ஓரிடத்தில் தட்டியும் கர்சர் நகரவில்லை. அங்கேதான் உட்கார்ந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாத எழுத்து.

அதற்கு உருவம் கிடையாது, இடத்தையும் அடைக்காது. ஆனால் மற்ற எழுத்துகளைப் போல அதற்கும் ஓர் எண் உண்டு. விட்டால் ஒட்டிக்கொள்ளும் ‘க்’கையும் ‘ஷ’வையும் ஒட்டவிடாமல் பிரித்து வைப்பதுதான் அதன் உத்தியோகம். சில கீபோர்டுகள் கேட்காமலேயே அதை ஊடே செருகிவிடும். நமக்கு அதே சொல்தான். கம்ப்யூட்டருக்கு அது வேறு சொல். பள்ளிக்கூட நாட்களில் அதைத் தேடிப் பிடித்து அழிப்பது மகள் ஷாலினிக்கு விளையாட்டு. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, “ஒண்ணுமே இல்லாததுக்கு எதுக்குப்பா நம்பரு?” என்பாள். “அது இருக்குதே, தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?” என்று எதையோ சொல்லிச் சமாளிப்பார்.

அந்த மேரி ஷாலினிதான் சிதம்பரத்துக்குப் படிக்கப் போய், கூடப் படித்த சித்தார்த்தைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி, வேறு மதம். மனைவி சகாயசெல்வியின் தம்பி ஜோசப்ராஜ் வாசலில் நின்று குதித்தான். “எங்க இருந்தாலும் தேடிப் புடிச்சி இழுத்தாறேன் மாமா!” அன்றைக்கு அந்தோணிசாமி வாயைத் திறக்கவில்லை. ஷாலினி போன் நம்பரை மாற்றினாள், போட்டோ போடும் ஆப்பிலிருந்தும் காணாமல் போனாள். ஜோசப்ராஜ் தேடிச் சலித்தான். யாரும் இல்லாத நேரத்தில் இவரும் தேடுவார். ஊர்ப்பட்ட ஷாலினிகள் வந்தார்கள். இவர் பெற்றவள் வரவில்லை. சிதம்பரம் எட்டாத ஊரா என்ன, பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். இறங்கி எந்தத் தெருவில் போய்க் கேட்பது? பெண்ணைப் பார்க்காமல் கண் பூத்துப்போயிருந்தது.

‘ஞானஸ்நான’த்துக்குள் இருந்ததை அழிக்கப்போன விரல் அப்படியே நின்றது. இதழை மூடிவிட்டு அந்த ஆப்பைத் திறந்தார். மகள் பெயரை அடித்து, ‘ஷா’வுக்கும் ‘லி’க்கும் நடுவில் அந்த எழுத்தைப் போட்டார். ஒன்றும் வரவில்லை. ‘லி’க்கும் ‘னி’க்கும் நடுவில் போட்டுத் தட்டினார்.

ஒரே ஒரு ஷாலினி வந்தாள்.

கன்னம் வற்றியிருந்தது. சிரிப்பு அதேதான். இடுப்பில் ஒரு குழந்தை. மாமன் தேடினாலும் ஊரே தேடினாலும் கிடைக்காத பெயர். திறக்கத் தெரிந்தவர் வீட்டில் இவர் ஒருவர்தான். அப்பா எப்படியும் வந்துவிடுவார் என்று இதை வைத்தாளா? அப்பாதான் தேடவே மாட்டாரே என்று வைத்தாளா? படத்துக்குக் கீழே, செய்தி எழுதும் கட்டம் காலியாக இருந்தது. இப்படித் தேட இத்தனை நாளாய் ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

“செல்வி” என்று கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார்.

“இன்னாங்க? மீன அப்படியே போட்டுட்டு வர்றேன், பூன கீன…” என்றபடி வந்தவள் பாதியில் நின்றாள். செதிள் அப்பிய இரண்டு கைகளையும் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

“கொஞ்சம் பெருசு பண்ணுங்க.”

பண்ணினார்.

“இன்னும்.”

ஷாலினி திரைக்கு வெளியே போய்விட்டாள். குழந்தையின் முகம் மட்டும், கட்டம் கட்டமாக உடைந்து, திரை முழுக்க நிறைந்தது.

“பல்லு மொளைச்சிருக்குதுங்க” என்றாள் சகாயசெல்வி. பின்னால் நீண்டிருந்த அவள் கைகளிலிருந்து மீன் தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.