நோராவுக்கு ஏறிய வயது

1940 மார்ச்சில் எழுதிய பி.ஏ. தேர்வில் ஆம்ப்ரோஸ் லத்தீனில் தவறிவிட்டான் என்று தெரிந்த அன்று, அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த நோராவுக்கு இரண்டு வயது கூடியது. காலையில் அவளுக்குப் பத்தொன்பது; மாலையில் இருபத்தொன்று. சாந்தோமில் இதை முதலில் கண்டுபிடித்தவர் கல்யாண கவுன் தைத்துக்கொண்டிருந்த கரீமுல்லா. போன வாரம் எடுத்த அளவு பொருந்தவில்லை. தையலைப் பிரித்து அரை அங்குலம் விட்டு மறுபடி தைத்தார்.

லத்தீனை எடுத்தது ஆம்ப்ரோஸின் வீட்டார் சேர்ந்து செய்த தவறு. எட்டு வயதிலிருந்து கோவிலில் பூசைக்கு உதவி செய்தவன் அவன். சாமியார் சொல்லும் லத்தீனுக்கு மறுமொழியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். "வாயில இருக்கிற பாஷைய விட்டுட்டு வேற எதுக்குடா?" என்றாள் அவன் அம்மா லூயிசா. பரீட்சையில் யாரும் ஒப்பிக்கச் சொல்லவில்லை, மொழிபெயர்க்கச் சொன்னார்கள். ஆங்கிலமும் சரித்திரமும் முதல் தடவையே தேறிவிட்டன. ஆனால் மூன்று பகுதியும் தேறாமல் பட்டம் கிடையாது. மொழியை மாற்றுவதென்றால் புதிதாக இரண்டு வருடம் வகுப்பில் உட்கார்ந்து வருகைச் சான்று வாங்க வேண்டும். அப்பா இல்லாத ஆம்ப்ரோஸ் அதற்குள் சிந்தாதிரிப்பேட்டையில் குமாஸ்தா வேலைக்குப் போய்விட்டிருந்தான்.

நோராவின் அப்பா ராஜநாயகம் பள்ளித் தலைமையாசிரியர். பட்டம் கைக்கு வந்த பிறகுதான் கோவிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கலாம் என்று நிச்சயத்தன்றே சொல்லியிருந்தார். சொன்ன சொல்லை மாற்றி அவருக்குப் பழக்கமில்லை. ஆம்ப்ரோஸ் செப்டம்பரில் எழுதினான், மார்ச்சில் எழுதினான், மறுபடி செப்டம்பரில் எழுதினான். ஒவ்வொரு தோல்விக்கும் நோராவுக்கு இரண்டு வயது. நடுவில் வந்த பிறந்தநாட்கள் எதையும் கூட்டவில்லை. ஆம்ப்ரோஸ் மட்டும் இருபத்தொன்றிலேயே நின்றான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியான வருடத்திலும் பரீட்சை நிற்கவில்லை, நோராவுக்கு வயது ஏறுவதும் நிற்கவில்லை. பால்காரர் பொன்னுரங்கம் அவளைப் பாப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், அக்கா என்றார். பிறகு அம்மா என்றார். ராஜநாயகம் நிலைமையை விளக்கிப் பல்கலைக்கழகத்துக்கு மனுப் போட்டார். தேர்வு எழுதாத ஒருவருக்கு ஏற்படும் விளைவுகள் பற்றி விதிகளில் ஒன்றும் கூறப்படவில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

1945-இல் பதினோராவது தோல்வியோடு நோராவுக்கு நாற்பத்தொன்று ஆனது. அப்பாவும் மகளும் ஒரே மூக்குக்கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுப் படித்தார்கள். ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ராஜநாயகம் அந்தக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"போதும்மா. பட்டமும் வேணாம், ஒண்ணும் வேணாம். சாமியார்கிட்ட ஓலை வாசிக்கச் சொல்றேன்."

ஐந்து வருடம் முன்னால் சொல்லியிருந்தால் அவள் அழுது சிரித்திருப்பாள். இப்போது தலையசைத்து மறுத்தாள். "பாஸ் ஆகாம கட்டிக்கிட்டா அவரு இருபத்தொண்ணுலயே நிப்பாருப்பா. நான் போய்ச் சேந்துடுவேன், நீங்க போய்ச் சேந்துடுவீங்க. அதுக்கப்புறம் அவருக்கு யாரு கீறாங்க?"

ஆம்ப்ரோஸ் இனிமேல் எழுதவே மாட்டேன் என்று தேவமாதா மேல் ஆணையிட்டான். "ஆணையை வாபஸ் வாங்கிக்கினு புஸ்தகத்தை எடுங்க," என்றாள் நோரா. தானே படித்து லத்தீன் கற்று, சாயங்காலங்களில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஒரே மாதத்தில் கோளாறு பிடிபட்டது. முழுப் பூசையும் அவன் நாக்கில் ஒரே மூச்சாக இருந்தது; ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்றே அவனுக்குத் தெரியவில்லை. பிரித்துக் காட்டினாள். காட்டக் காட்ட அவனுக்கு மறந்தது. இன்னும் நான்கு தடவை தவறினான். கடைசித் தடவை முடிவு வந்தபோது நோரா தலைமுடியை முடிந்துகொண்டே கேட்டாள்: "எத்தனை மார்க்ல போச்சு?" இரண்டு என்றான். "அப்ப கிட்ட வந்துட்டோம்," என்றாள். அவளுக்கு நாற்பத்தொன்பது.

1947 செப்டம்பரில் எழுதியதில் அவன் தேறினான். அடுத்த வாரமே அவன் சட்டைக் காலர் கொஞ்சம் இறுகியது. கரீமுல்லா தளர்த்திக் கொடுத்தார். பட்டம் வந்ததும் மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. ஞானஸ்நானப் புத்தகத்தைப் பார்த்து மணமகளின் வயதை எழுதப்போன சாமியாரிடம், உள்ளதை எழுதுங்கள் என்றாள் நோரா. அவர் நாற்பத்தொன்பது என்று எழுதினார். லஸ்ஸில் போட்டோ எடுத்தபோது, "அம்மா சித்தே நகுந்துக்கோங்க, பொண்ணு வரட்டும்," என்றார் போட்டோக்காரர். "பொண்ணு வந்தாச்சு, எடுங்க," என்றாள். லூயிசா எட்டு வருடமாகத் துடைத்து வைத்திருந்த தொட்டிலை அந்த வாரம் மந்தைவெளியில் ஒரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

அதன்பிறகு எல்லோரையும்போல இருவருக்கும் வருடத்துக்கு ஒரு வயதுதான் ஏறியது. 1949-இல் ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்த ஆம்ப்ரோஸ் காதோரம் ஒரு நரைமுடியைக் கண்டு பிடுங்கப் போனான். நோரா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கூடத்தில் இருந்த அப்பாவிடம் மூக்குக்கண்ணாடியை வாங்கிவந்து மாட்டி, அந்த முடியை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தாள். "இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு இட்லி எடுத்துவைக்கப் போனாள்.