கையால் ஏற்றியது

...இந்தப் புரோகிராமை ஏற்ற வேண்டுமென்றால் முதலில் அதை ஏற்று என்கிறது கம்ப்யூட்டர், சரியென்று அதைக் கொண்டுவந்தால் அதற்கு இன்னொன்று வேண்டுமாம், மாப்பிள்ளையை அழைக்கப் போனால் மாமனுக்குச் சொல்லியாச்சா என்று கேட்கிற வீடு மாதிரி, சந்திரகலாவுக்குச் சிரிப்பும் வந்தது எரிச்சலும் வந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடைக்கு மேல் மாடி, கல்யாணக் கார்டு அச்சடிக்கும் ஆபீஸ், வெளியே மழை, மோடம் இழுத்து இழுத்து ஒவ்வொரு புரோகிராமாக இறக்குகிறது, இறங்கும்வரை அவளுக்கு வேலையில்லை, வேலையில்லாவிட்டால் சிங்கப்பூர் வந்து மனசுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. அங்கே கிடைத்திருப்பது அவள் ஆசைப்பட்ட வேலைதான், இன்று ஐந்து மணிக்குள் வருகிறேன், இல்லை வரவில்லை என்று ஒன்றைச் சொல்லியாக வேண்டும், அப்பாவிடமோ மூச்சே விடவில்லை. அம்மா போன பிறகு கிள்ளான் வீட்டில் அவளும் அப்பாவும்தான், ஆயுசெல்லாம் லோரி ஓட்டிய மனுஷர், வெந்நீர்கூட வைக்கத் தெரியாது... தெரியாதென்று சொன்னது அவரா, நானா?

மத்தியானம் போன் போட்டாள். "சாப்டீங்களாப்பா?" "ஆச்சும்மா, ரசம் வெச்சேன்." ரசமா, நீங்களா என்று கேட்டதும் அந்தப் பக்கம் சின்னச் சிரிப்பு. "பக்கத்து வீட்டு இராஜம்மா சொல்லிக் குடுத்துச்சு. உனக்கு வேலை குடுத்த அந்த சிங்கப்பூர்க்காரரு போன மாசமே வீட்டுக்கு போன் பண்ணாரு, நான்தான் எடுத்தேன். நீ போ கலா. எனக்கென்ன, நான் பாத்துக்கறேன் லா." அவ்வளவுதான். சந்தோஷப்பட வேண்டியதுதானே, போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேனா, சொல்லியிருந்தால் கோபம்தானே வந்திருக்கும்... மழை விட்டு விட்டுப் பெய்தது, கீழே மல்லிகை வாசம், எங்கோ ரயில் போனது, அது கிள்ளானுக்குப் போகிற வண்டியாக இருக்கும்.

கடைசிப் புரோகிராம் இறங்கியது, அதற்கும் ஒரு பழைய துணைப் புரோகிராமுக்கும் ஒத்துவராதாம், பழையதை எடுத்துவிடு என்றது. எடுக்கப் போனால் இது எனக்கு வேண்டும் என்று வேறொரு புரோகிராம் கத்தும், பேரோடு வந்து கத்தும், அப்படித்தான் வழக்கம். எடுத்தாள். ஒன்றும் கத்தவில்லை. திரையில் வெறும் கோடு மினுங்கியது. யாருக்கும் வேண்டாமாம், போகட்டும் என்று புதியதை ஏற்றினாள், அது நல்ல பிள்ளையாக ஏறிக்கொண்டது.

முதலாளி ராதாகிருஷ்ணன் கீழேயிருந்து குரல் கொடுத்தார். "கலா, அந்த பந்திங் ஊர்க்காரங்க கல்யாணக் கார்டு என்னாச்சு?" இதோ அங்கிள் என்று கார்டு அடிக்கும் புரோகிராமைத் திறந்தாள், திறக்கவில்லை. இப்போது எடுத்ததைத்தான் காணோம் என்கிறது. அப்புறம் ஏன் கத்தவில்லை, யாருக்கும் வேண்டாம் என்றாயே... சட்டென்று நினைவு வந்தது. கார்டு புரோகிராமை அவளேதான் இதே நாற்காலியில் உட்கார்ந்து மெஷினைக் கேட்காமல் கையால் ஏற்றினாள், மெஷினின் பதிவில் அதற்குப் பேரே கிடையாது. பதிவில் இல்லாததை யார் கேட்பார்கள், அதுவாக எப்படிச் சொல்லும்? பழையதை வேறோர் இடத்தில் போட்டால் சரியாகிவிடும், பெரிய காரியமில்லை. ஆனால் கார்டை விட்டு மனசு கிள்ளானுக்குப் போனது. அப்பா என்றைக்காவது எதையாவது வாயைத் திறந்து கேட்டிருக்கிறாரா, ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லையே, கேட்பதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கியவள் அவள்தானே.

ஐந்தாகப் போகிறது. போனை எடுத்தாள், சிங்கப்பூர் நம்பர் மனப்பாடம், விரல் என்னவோ வீட்டு நம்பரைத்தான் அழுத்தியது. என்ன கேட்பது, நேராகக் கேட்டால் பாத்துக்கறேன் என்றுதான் சொல்வார்.

"அப்பா, ரசம் எப்படி இருந்துச்சு?"

"நீ வெக்கிற மாதிரி வரலைம்மா," என்றார் அவர்.