நான்தான் நான் என்று சொல்ல ஓர் ஆள்

வேலை போன வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் பேரும் போய்விட்டது. பாட்டில் கம்பெனியை மூடிய மறுவாரம், வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகைக்கு எழுதிப் போடலாம் என்று அவள் போனால், கவுன்ட்டரில் இருந்த கண்ணாடிக்காரர் குண்டைத் தூக்கிப் போட்டார். "உங்க பேர்ல ஏற்கெனவே ஒருத்தர் வாங்கிட்டு இருக்காங்களே. மார்ச் முதல் தேதியே வேலை போயிடுச்சுன்னு போட்டிருக்கு."

"மார்ச் முழுக்க நான் வேலைக்குப் போனேனே சார்."

"அதுக்கு அத்தாட்சி கொண்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள."

எந்தப் புண்ணியவானோ அவள் பேர், பிறந்த தேதி, அட்டை நம்பர் எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு நோகாமல் தின்கிறான். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். முதலாளியோ போனை அணைத்துவிட்டுத் தலைமறைவு. பீரோவைக் குடைந்ததில் கம்பெனி முத்திரையோடு கிடைத்தவை சூப்பர்வைசர் தந்த மெமோக்கள் மட்டும்தான். அந்த மனுஷனை என்றைக்காவது கோர்ட்டுக்கு இழுக்கப் பத்திரப்படுத்தியிருந்தாள். ஒன்றில் மார்ச் இருபது என்று தேதி இருந்தது. அவள் மேலதிகாரியை எதிர்த்துப் பேசி மெஷினை நிறுத்தினாளாம்.

கண்ணாடிக்காரர் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "தேதி சரி. இதைக் கொடுத்தவர் வந்து, நீங்கதான்னு சொல்லணும். ஆனா இதுல இருக்கிற குற்றமும் உண்மைன்னு அவர் சொல்லிட்டா, உங்களுக்குத் தொகை கிடையாது. ஒழுங்கீனம் செஞ்சவங்களுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு சட்டம்."

நல்லா இருக்கே நியாயம் என்று முணுமுணுத்தபடி சூப்பர்வைசர் வீட்டுக்கு நடந்தாள். வேறு வழி இல்லை. அவர் பனியனோடு உட்கார்ந்து, பழுதான மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தார். மூன்று வருஷமாக இருவருக்கும் சண்டையைத் தவிர வேறு பேச்சில்லை.

"சார், நான்தான் நான்னு நீங்க வந்து சொல்லணும்."

முழுக்கதையையும் கேட்டவர், சட்டையை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினார்.

"இவங்கதானா?" என்று கவுன்ட்டரில் கேட்டார் கண்ணாடிக்காரர்.

"என் பிராணனை வாங்கினவங்க. எனக்குத் தெரியாதா?"

"இதுல எழுதியிருக்கிறது உண்மையா?"

ஆமாம் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கதை முடிந்தது. சூப்பர்வைசர் காகிதத்தை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"பாட்டில் கழுத்துல விரிசல் இருக்குன்னுதான் நிறுத்தினாங்க. மருந்து அடைக்கிற பாட்டில் அது. இவங்க செஞ்சது சரி. முதலாளிக்குப் பயந்து நான்தான் இவங்க தலையில பழியைப் போட்டேன். அப்படியே எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. திருடனுக்குப் போகிற பணம் இன்றோடு நிற்கும், அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு வரும் என்று கண்ணாடிக்காரர் சொன்னதுகூட அரைகுறையாகத்தான் காதில் விழுந்தது.

கிளம்பப் போனவரை அவள் விடவில்லை. "இருங்க சார். கம்பெனி லிஸ்டையே எவனோ சுட்டிருப்பான். உங்க பேரையும் பார்க்கச் சொல்லுங்க."

கண்ணாடிக்காரர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இவர் பேர்லயும் ஒருத்தர் வாங்கிட்டுதான் இருக்கார்."

சூப்பர்வைசர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"இவரைத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்குத் தெரியும். எழுதிக்குங்க."