மூன்று விரல் இடைவெளி

தமிழ்மதிக்குப் பிள்ளை பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆதார் அட்டையில் பெயரைத் திருத்த, தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல்லுக்கு டவுன் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பிள்ளையை மாமியார் அய்யம்மாளிடம் விட்டு வந்திருந்தாள். கூட்டத்தில் கம்பியைப் பிடித்து நின்றவளைப் பார்த்ததும் சீட்டில் இருந்த ஒரு அம்மாள் எழுந்துகொண்டாள்.

"வாயும் வயிறுமா இருக்குறவ எதுக்குத்தா நிக்கிறே? உக்காரு. எத்தனை மாசம்?"

"அஞ்சு," என்றாள் தமிழ்மதி. அவள் சொன்னது பிள்ளையின் வயது. அந்த அம்மாள் வேறு கணக்குப் போட்டுத் தலையாட்டிக்கொண்டாள்.

உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. குனிந்து பார்த்தால் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. பேறுகாலத்துக்குப் பிறகு இன்னும் மாதவிலக்கு வரவில்லை. பால் கொடுக்கும்போது அப்படித்தான் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். அப்படி இருந்தும் கரு தங்கிவிடும் என்று பக்கத்துத் தோட்டத்துப் பானுப்ரியா சொல்லியிருந்தாள். யார் சொல்வதை நம்புவது?

ஆதாரை மறந்துவிட்டு மருந்துக்கடைக்குப் போய், கர்ப்பம் பார்க்கும் அட்டை ஒன்றை வாங்கிவந்தாள். மறுநாள் காலையில் பார்த்தால் ஒரே கோடு. ஒன்றுமில்லை என்று அர்த்தம். ஆனால் அந்த நிம்மதி அடுப்பு பற்றவைக்கும் வரைதான் இருந்தது. ஒன்றுமில்லை என்றால் உள்ளே இருப்பது என்ன?

குப்பையில் போட்ட அட்டை அய்யம்மாள் கண்ணில் பட்டுவிட்டது. கோடு விழுந்திருப்பது அவளுக்குத் தெரிந்தது. எத்தனை விழ வேண்டும் என்பதை அவளுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? சம்பங்கித் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த மகன் சிவபிரகாஷிடம் போய்ச் சொல்லிவிட்டாள்.

அன்று முழுக்க அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாயங்காலம் ஒரு பை மாதுளம்பழத்தைக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிட்டு அங்கேயே நின்றான்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல."

"எதை?"

"அம்மா அட்டையப் பாத்துருச்சு. கோடு விழுந்துருக்காமே."

"ஒரு கோடுதான். ரெண்டு விழுந்தாத்தான் இருக்குன்னு அர்த்தம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப இல்லையா?"

"இல்ல."

"பெறகு ஏன் வயிறு இப்பிடி இருக்கு?"

"அதத்தான் நானும் நேத்துலருந்து யோசிக்கிறேன்."

அய்யம்மாள் ஒரு பழைய வேட்டியைக் கிழித்து மருமகளின் வயிற்றில் இறுக்கிக் கட்டினாள். கட்டவே கூடாது என்று தமிழ்மதியின் அக்கா போனில் திட்டினாள். கட்டினால் வயிறு உள்ளே போனது மாதிரிதான் இருந்தது. ஆனால் தும்மினால், இருமினால் சேலை நனைந்தது. அது பிள்ளை பிறந்த நாளிலிருந்தே இருந்தது. தமிழ்மதி யாரிடமும் சொல்லவில்லை. சிவபிரகாஷ் போனில் ஒரு வீடியோவைக் காட்டி, மல்லாந்து படுத்து எழும் பயிற்சியைச் செய்யச் சொன்னான். அவள் தலையைத் தூக்கியதும் தொப்புளுக்கு மேலே நடுவயிறு கூரை முகடு மாதிரி எழும்பியது. அவன் வீடியோவை நிறுத்திவிட்டான்.

"வா, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்," என்றான்.

டாக்டரம்மா அமுக்கிப் பார்த்தார். கட்டியில்லை, குடலிறக்கமும் இல்லை என்றார். பிசியோதெரபிக்குப் போகச் சொல்லிச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அது கை கால் உடைந்தவர்கள் போகிற இடமாயிற்றே என்று தமிழ்மதிக்குக் குழப்பமாக இருந்தது. அங்கே பெஞ்சில் ஒரு கை விழுந்துபோன பெரியவர் இருந்தார்.

"ஒனக்கு எங்கம்மா அடி?" என்று கேட்டார்.

"தெரியலைங்கய்யா."

எழுந்து போய்விடலாமா என்று நினைத்தபோது உள்ளே கூப்பிட்டார்கள். பிசியோதெரபிஸ்ட் கமர்ஜஹானுக்கு முப்பது வயது இருக்கும். திரையை இழுத்துவிட்டு, தமிழ்மதியைப் படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னாள். தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து அழுத்தினாள்.

"மூணு விரல் உள்ள போகுது. வயித்துக்கு முன்னாடி ரெண்டு பட்டையா தசை இருக்கும்மா. பிள்ள வளர வளர ரெண்டும் விலகும். பெத்த பெறகு தானா கிட்ட வரணும். ஒங்களுக்கு இன்னும் சரியா வரல. நெறையப் பேருக்கு இருக்குறதுதான்." பேனாவை எடுத்தாள். "இருமுனா, தும்முனா ஒண்ணுக்கு சொட்டுதா?"

"இல்ல."

கமர்ஜஹான் எழுதாமல் காத்திருந்தாள்.

"சொட்டும்," என்றாள் தமிழ்மதி. "துணி கட்டுனா இன்னும் ஜாஸ்தி."

இறுக்கிக் கட்ட வேண்டாம், படுத்து எழும் பயிற்சியும் இப்போது வேண்டாம் என்றாள் கமர்ஜஹான். மூச்சை மெல்ல விட வேண்டும், விடும்போதே ஒண்ணுக்கை அடக்குவது போலக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், அடிவயிறும் கூடவே உள்ளே போக வேண்டும். தமிழ்மதி மூச்சைப் பிடித்து முக்கினாள்.

"நீங்க கீழ தள்ளுறீங்க. மேல இழுங்க."

தன் உடம்புக்குள் எது மேலே எது கீழே என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஏழெட்டு முறைக்குப் பிறகு ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. அது சரியா தவறா என்பதும் தெரியவில்லை. சரி என்றாள் கமர்ஜஹான். படுக்கையிலிருந்து ஒருக்களித்துக் கையூன்றி எழவும், பூக்கூடையை மூச்சை விட்டபடி தூக்கவும் பழக்கினாள்.

"மூச்சு விடுறதுக்கா அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்தே?" என்றாள் அய்யம்மாள். தமிழ்மதிக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் தினமும் பாயை விரித்தாள். மூன்று வாரம் ஒரு மாற்றமும் இல்லை. விட்டுவிடலாமா என்று தோன்றிய போதெல்லாம் செவ்வாய்க்கிழமை வந்துவிடும். கமர்ஜஹான் அளந்து பார்த்து, இன்னொரு பயிற்சி சேர்த்து அனுப்புவாள்.

ஏழாவது வாரம் விடியற்காலையில் பூப்பறிக்கும்போது இரண்டு தும்மல் வந்தது. அப்படியே நின்றாள். நனையவில்லை. நம்பிக்கையில்லாமல் வேண்டுமென்றே இருமிப் பார்த்தாள்.

"சளி பிடிச்சிருக்கா?" என்றான் அடுத்த பாத்தியிலிருந்து சிவபிரகாஷ்.

"இல்ல," என்று சொல்லி இன்னொரு தடவை இருமினாள்.

மூன்று மாதத்தில் இடைவெளி இரண்டு விரலுக்குள் வந்தது. வயிறு பழையபடி ஆகிவிடவில்லை. முழுக்க மூடுமா என்று கேட்டதற்கு, "சொல்ல முடியாது. மூடாட்டியும் பலம் வந்தாப் போதும்," என்றாள் கமர்ஜஹான். அது நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று யோசித்தபடியே தமிழ்மதி வீடு வந்து சேர்ந்தாள்.

அன்று அவள் பாயில் படுத்திருந்தபோது, பிள்ளையை மடியில் வைத்திருந்த அய்யம்மாள் கேட்டாள்.

"ஏத்தா, அந்தப் பொண்ணு பெரிய மனுசிகளையும் பாக்குமா?"

"யாருக்கு அத்தை?"

அய்யம்மாள் பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தாள். "இவன் அப்பன் பெறந்ததுலருந்து எனக்கும் இருமுனா, தும்முனா சொட்டுது. பிள்ள பெத்தா அப்பிடித்தான்னு இருந்துட்டேன்."

தமிழ்மதி எழுந்து உட்கார்ந்தாள். முப்பது வருசம். இவ்வளவும் தெரிந்துதான் வேட்டியைக் கிழித்துக் கட்டினாளா, அல்லது அவளுக்கும் யாரோ அப்படித்தான் கட்டிவிட்டார்களா? கோபப்படுவதா வேண்டாமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"தெரியல அத்தை. கேட்டுப் பாப்போம்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் போனார்கள். சீட்டு எழுதுகிறவர் உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்டபோது அய்யம்மாள் வாயைத் திறக்காமல் மருமகளைப் பார்த்தாள். தமிழ்மதி கண்ணாடித் துளைக்குப் பக்கத்தில் குனிந்து, பின்னால் நிற்கிறவர்களுக்குக் கேட்காதபடி, அவளுக்காகச் சொன்னாள்.